ஒரே மாதிரி இரண்டு லேப்டாப்

காலை ஏழரை மணிக்கே சின்னவளின் குரல் வீட்டுக் கூரையைத் தொட்டது.

“கேக்குதா எல்லாருக்கும்? பாக்கத்தான் லேப்டாப். சத்தத்தைக் கேட்டா மாவு மிஷின். மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள என் பிள்ளை வரைபடத்தை அனுப்பணும். இது அசைய மாட்டேங்குது...”

கூடத்து மேசையில் அவள் மகன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டடக் கலைப் படிப்பு, முதல் வருடம். மாடியோடு கூடிய ஒரு வீட்டை வரைந்து அனுப்ப வேண்டும். தவறினால் அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டியதுதான். திரையில் பாதி வீடு தெரிந்தது. மாடிப்படியை வைக்கப் போனால் சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

சமையலறையில் பெரியவள் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தாள். அந்த லேப்டாப் ஏன் திணறுகிறது என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆறு நாளாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

பெரியவள் லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் சீட்டு எழுதுகிறவள். எப்போது வாங்கியது, எப்படிக் கெட்டது என்று வருகிறவர்களைக் கேட்டு எழுதி, மெஷினோடு சேர்த்துக் கட்டி உள்ளே அனுப்புவது அவள் வேலை. ஒன்பது வருடமாக எழுதுகிறாள். எந்த லேப்டாப் வாங்கிய வருடமே அழுதுகொண்டு வரும், எது ஆறு வருடம் மாடாக உழைக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளுடைய ஓரகத்தி சின்னவள் பார்லரில் முடி வெட்டுகிறாள். கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும்.

மாமனார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் எதை வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டு வாங்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். சைக்கிள் இரண்டு, புத்தகப் பை இரண்டு. பெரியவளின் மகள் பாப்பாவுக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டபோது, சின்னவளின் மகனுக்கும் பவர் இல்லாமல் ஒன்று வாங்கி மாட்டிவிட்டார். வீட்டுக்குள் பங்காளிக் காய்ச்சல் வரக் கூடாதாம். காய்ச்சல் எப்போதோ வந்து நூற்றிரண்டு டிகிரியில் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அல்ல, இரண்டு மருமகள்களுக்கும்.

பெரியவளுக்குச் சின்னவளைப் பார்த்தால் வயிறு எரியும். மழை என்றால் கொழுந்தன் பார்லர் வாசலிலேயே குடையோடு நிற்பான். பெரியவளின் கணவர் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டி ஒட்டி அவரும் ஒரு பாட்டிலைப் போல மூடியே இருப்பார். சின்னவள் காரத்தை அள்ளிப் போட்டுவிட்டுச் சிரித்தால் மாமனாரும் சேர்ந்து சிரிப்பார். பெரியவள் பக்குவமாகச் சமைத்த நாளில் எல்லோரும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சின்னவளுக்கு எரிச்சல் வேறு இடத்தில். பெற்ற பிள்ளை எதற்கெடுத்தாலும் பெரியம்மாவிடம் ஓடுகிறான்.

கல்லூரியில் இடம் கிடைத்த வாரம் எல்லோருமாக லேப்டாப் பார்க்கப் போனார்கள். வெள்ளி நிறத்தில் அப்பளம் போல ஒன்று சின்னவளின் கண்ணைப் பறித்தது. விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருந்தது. மகன், “பெரியம்மா என்ன சொல்றாங்கன்னு கேட்டுக்கலாம்மா,” என்றான். அந்த ஒரு வார்த்தை சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

பெரியவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாக்க அழகாத்தான் இருக்கு. உள்ள எடம் ரொம்பக் கம்மி. மெமரியைப் போர்டோட சேத்து ஒட்டிட்டாங்க, பின்னாடி வேணும்னாலும் கூட்ட முடியாது. இதே காசுக்கு எங்க கடையில ஆபீஸ்ல ஓடின மெஷின் சுத்தம் பண்ணித் தருவாங்க. கொஞ்சம் கனம். ஆனா கீபோர்டு கல்லு மாதிரி. பேட்டரியும் புதுசு போட்டுக்கலாம்.”

“என் பிள்ளை மட்டும் யாரோ தொட்ட பழசைத் தூக்கிட்டுப் போகணுமா அக்கா?”

“என் பொண்ணும் அதைத்தானே தூக்கிட்டுப் போகப் போறா?”

மாமனார் தலையாட்டினார். ஒரே மாதிரி இரண்டு வாங்குவது என்று முடிவானது.

இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்த கடை முதலாளி, “பாப்பா படிக்கிறது வணிகவியல், அவளுக்கு இது தாராளம். கட்டடம் வரையிற பையனுக்கு எட்டு ஜிபி மெமரி பத்தாதும்மா. இன்னும் எட்டு போட்டுப் பதினாறு ஆக்கினாதான் ஓடும்,” என்றார். பெரியவள் யோசித்தாள். வீட்டில் சொன்னால் மாமனார் இரண்டிலும் போடு என்பார், அதற்கு வழியில்லை. ஒன்றில் மட்டும் என்றால் பாப்பாவின் முகம் சுருங்கும். அதனால் யாரிடமும் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து வேலை செய்து கழித்துவிடுவதாகப் பேசி, கொழுந்தன் மகனின் மெஷினில் அந்த மெமரியைப் போடச் சொன்னாள். பொறாமை ஒரு பக்கம் இருக்கட்டும், பையன் அவள் இடுப்பில் வளர்ந்தவன்.

அவள் முதலாளியோடு போனில் பேசியதைக் கதவுக்கு அந்தப் பக்கம் சின்னவள் கேட்டுவிட்டாள். ‘ஒண்ணுல மட்டும் கூட்டிப் போட்டுடுங்க, வெளிய தெரிய வேணாம், வீட்ல யாருக்கும் சொல்லல.’ அவ்வளவுதான் கேட்டது. யாருக்காக என்று அவள் கேட்டிருக்கவில்லை. கேட்கத் தேவையிருப்பதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை. பெற்றவள் தன் பெண்ணுக்குத்தானே செய்வாள்?

லேப்டாப்புகள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் நீலப் பை பையனுக்கு, சாம்பல் பை பாப்பாவுக்கு என்று சொல்லி வைத்துவிட்டுப் பெரியவள் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது சின்னவள் நீலப் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. “பை தூசியா இருந்துச்சுக்கா, தொடச்சேன்,” என்றாள். பெரியவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறிலிருந்து பெரியவள் கடைக்குப் போக, சமையல் சின்னவள் தலையில் விழுந்தது. “லீவு நாள்லகூட வீடு தங்க மாட்டாங்க. உலை வைக்கிறதுக்குத்தான் நான் ஒருத்தி இருக்கேனே,” என்று அவள் பாத்திரத்தோடு பேசினாள்.

பிறகுதான் அந்த நாள் வந்தது. பிரிண்ட் வரவில்லை என்று பாப்பா கூப்பிட்டாள். பெரியவள் போய் லேப்டாப்பின் விவரப் பக்கத்தைத் திறந்தாள். மெமரி பதினாறு என்றிருந்தது. ஜிப்பை இழுத்த கையும் சிவந்த முகமும் நினைவுக்கு வர, எல்லாம் விளங்கிவிட்டது. நல்லது பெரியவள் மகளுக்குப் போகிறதென்று நினைத்து, சின்னவள் தன் பிள்ளையின் நல்ல லேப்டாப்பைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

அப்போது பெரியவளுக்குக் கோபம் வரவில்லை. இனித்தது. இருபது வருடமாக வாங்கிய பேச்சுக்கெல்லாம் சேர்த்து வைத்த மாதிரி இனித்தது. படட்டும், தானே தேடிக்கொண்டதுதானே என்று நினைத்தாள். பையன் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஆறு நாள் சும்மா இருந்தாள்.

இன்று காலை டீயைக் கொண்டுவந்து வைத்தபோது பையன் நிமிர்ந்து பார்த்தான். கண்கள் சிவந்து கிடந்தன.

“பெரியம்மா, முடியாதுபோல இருக்கு. நான் ஃபெயில்தான்.”

பெரியவள் ஓர் அடி முன்னால் வைத்தாள். அதற்குள் சின்னவள் குறுக்கே வந்து நின்றாள். தான் மாற்றி வைத்ததை அக்கா கண்டுபிடித்துத் திரும்ப மாற்றிவிட்டாள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

“அவங்ககிட்ட என்னடா கேக்குற? உன்னை இந்த நிலைக்குக் கொண்டாந்து விட்டதே அவங்கதான். மாமா, இன்னிக்கு நான் சொல்லிடறேன். ஒரே மாதிரி ரெண்டுன்னு நீங்க நம்பிட்டு இருக்கீங்க. ஒண்ணுல மட்டும் மெமரி கூட்டிப் போடச் சொல்லி, வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்னு இவங்க போன்ல பேசினதை நான் என் காதால கேட்டேன். என் பிள்ளை மேல இவ்வளவு வஞ்சமா அக்கா? சந்தேகம்னா ரெண்டையும் தெறந்து பாருங்க மாமா.”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவளின் கணவரின் கை நின்றது. பாப்பா தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். பையன் இரண்டிலும் விவரப் பக்கத்தைத் திறந்தான்.

“எனக்கு எட்டு,” என்றான். “பாப்பாவுக்குப் பதினாறு.”

சின்னவள், “பாத்தீங்களா மாமா, நான் சொல்லல...” என்று தொடங்கினாள். வாக்கியம் பாதியில் நின்றது. மகனின் லேப்டாப்பைப் பார்த்தாள்; வந்த அன்றே அவன் ஒட்டிய ஸ்டிக்கர் மூடியில் அப்படியே இருந்தது, யாரும் திரும்ப மாற்றவில்லை. பாப்பாவுடையதைப் பார்த்தாள். தான் மாற்றி வைத்தபிறகும் பதினாறு அங்கே இருக்கிறதென்றால், முதலில் அது எந்தப் பையில் இருந்திருக்கும்? அவள் முகத்தில் இரத்தம் வற்றியது. அதைக் கண்டவள் பெரியவள் மட்டும்தான்.

மாமனார் மெதுவாகச் சொன்னார். “பெரியவளே, வேற யாரு செஞ்சிருந்தாலும் எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதும்மா.”

கணவர் இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளைப் பார்க்கக் கூசித் தலையைத் திருப்பிக்கொண்டார். அதைத்தான் பெரியவளால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாத் தலையும் சின்னவள் பக்கம் திரும்பும். பையனின் தலையும் திரும்பும். ஒரு பிள்ளை தன் தாயை அப்படிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள்.

“மணி எட்டாகப் போகுது,” என்றாள். “பேசுறதை அப்புறம் பேசலாம். ரெண்டையும் கொண்டா தம்பி.”

பின்னறையில் தரையில் துணியை விரித்து லேப்டாப்புகளை அணைத்துக் கவிழ்த்தாள். கடைக்காரப் பையன்கள் செய்ததைப் பார்த்திருக்கிறாளே தவிர, தானாகத் திறந்ததில்லை. கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டாள். பையன் போன் வெளிச்சத்தைப் பிடித்தான்.

பாப்பாவின் லேப்டாப்பில் அடிமூடி கழன்றதும்தான் அவளுக்கு நினைவு வந்தது. யாருடையது என்று எழுதி ஒட்டாமல் எந்தப் பாகத்தையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது அவர்கள் கடை வழக்கம். அந்தச் சீட்டை எழுதியவளே அவள்தான். மெமரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிவிடப் பார்த்தாள். பையனின் கண் முந்திக்கொண்டது.

“இது உங்க கையெழுத்தாச்சே பெரியம்மா. ‘கொழுந்தன் மகனுக்கு, படம் வரைய. நாலு ஞாயிறு.’ நாலு ஞாயிறுன்னா? நீங்க கடைக்குப் போனது இதுக்கா?”

அவள் மெமரியை அவன் லேப்டாப்பில் பொருத்தி மூடினாள். அவன் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். சீட்டையும் பிய்த்து எடுத்துப் போயிருந்தான். பெரியவள் போய்ச் சேர்வதற்குள் தாத்தாவிடம் படித்துக் காட்டிவிட்டான். லேப்டாப் சத்தமில்லாமல் ஓடியது. மாடிப்படி திரையில் ஒவ்வொரு படியாக ஏறி நின்றது.

மாமனார் சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார். “அப்போ இது எப்படிம்மா பாப்பா மெஷினுக்குள்ள போச்சு?”

“நான்தான் பை மாத்திக் குடுத்துட்டேன் போல இருக்கு மாமா. அன்னிக்கு என்னவோ அவசரம்...”

“இல்ல.”

சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அவங்க சரியாத்தான் குடுத்தாங்க. நான்தான் மாத்தினேன். நல்லதைத் தன் பொண்ணுக்கு வெச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சு, என் பிள்ளைக்குக் கெடச்சதை நானே புடுங்கி... எம் புத்தி அவ்வளவுதான் மாமா. இவன் அவங்களையே சுத்திச் சுத்தி வர்றான்ல. எனக்குப் பொறுக்கல.”

பையன் திரையிலிருந்து கையை எடுத்து அம்மாவைப் பார்த்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்தில் அவளைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது.

பெரியவள் வாயைத் திறந்தாள். “மாமா, நானும் ஒண்ணு சொல்லணும். இது மாறிப் போனது எனக்கு ஆறு நாளா தெரியும். பையன் தவிக்கிறதைப் பாத்துக்கிட்டே சும்மா இருந்தேன். அவ படட்டும்னு இருந்தேன். எனக்கும் அவமேல பொறாமைதான். அவ செஞ்சது தெரியாம செஞ்சது. நான் தெரிஞ்சே செஞ்சேன்.”

கணவர் அவள் பக்கம் வந்து நின்றார். பிறகு, “நீ வரையிப்பா, நேரமாகுது,” என்று பையனிடம் சொன்னார்.

பெரியவள் சமையலறைக்குள் போனாள். பின்னாலேயே சின்னவள் வந்தாள். அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, நீங்க எதுக்கு அதைச் சொன்னீங்க? உங்களை யாருமே கேக்கலையே. சொல்லாம விட்டிருந்தா இந்த வீட்ல நீங்க தெய்வம் மாதிரி இருந்திருக்கலாமே.”

“இருந்திருக்கலாம்,” என்றாள் பெரியவள். “நீ அங்க தனியா நின்னுட்டு இருந்தியே. அதான்.”

சின்னவள் அப்படியே அவள் தோளில் சாய்ந்தாள். இருபது வருடத்தில் அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டது அதுவே முதல் தடவை. பெரியவளும் அழுதாள்.