சைக்கிள் டியூப் வளையம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெனிலா பஸ்ஸை விட்டு இறங்கும்போது சாயங்காலம் மணி ஆறு. விடாத தூறல். ஒரு வாரமாகத் தம்பி ரோஷன் போனை எடுக்கவில்லை. வத்திராயிருப்பில் குத்தகைக்கு எடுத்திருக்கும் மாந்தோப்புப் பக்கமும் எட்டிப் பார்க்கவில்லையாம். புருஷனைப் பறிகொடுத்து மூன்று மாதம்தான் ஆகிறது. கூடப் பிறந்தவனையும் விட்டுவிட முடியுமா?

ரோஷன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. தெருவில் கரண்ட் இல்லை. உள்ளே ஆற்றுச் சேற்றின் வாடை.

"ரோஷா..."

கூடத்து மூலையில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, பாத்ரூமுக்குள்ள போகாத."

போகாதே என்றால் நிற்கிற ஆளா அவள்? பாத்ரூம் கதவிடுக்கில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அவள் புருஷன் கிளாட்வின் ராஜபாளையத்தில் வீட்டுத் தெருமுனையில் நின்று டார்ச்சின் சிவப்பு லைட்டை இரண்டு தரம் சிமிட்டுவார். வந்துட்டேன் என்று அர்த்தம். வாசல் லைட்டை இரண்டு தரம் போட்டு அணைப்பாள் இவள்.

பழைய டார்ச் தேய்ந்துபோக, கடைசி லீவில் புதிது வாங்கப் போனார்கள். கடைக்காரர் நொந்தே போனார். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்தார் கிளாட்வின். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கி வைத்தார். "வெளிச்சம் எம்புட்டு தூரம் போகும்ங்கிறது பொறவு. பையில தானா எரிஞ்சு நம்மளக் காட்டிக் குடுத்துரக் கூடாது. கையுறை போட்டு அமுக்குனாலும் வழுக்கக் கூடாது. மேப் பாக்கச் சிவப்பு லைட்டு வேணும்" என்றார். ஒன்பதைத் தள்ளிவிட்டுப் பத்தாவதை எடுத்தார். சரிவில் வைத்தால் உருளாமல் இருக்க, சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி அதன் கழுத்தில் மாட்டினார்.

அந்த டார்ச்தான் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீர் புகுந்து அணைந்துவிட்டது என்று கூட இருந்தவர் போனில் சொன்னார். இருட்டில் கால் தவறிவிட்டது. "பாத்துப் பாத்து வாங்குனதே ஆளைக் கொன்னுட்டு" என்று ஊரே பேசியது. ஜெனிலாவும் அதை நம்பினாள். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த டிரங்குப் பெட்டியில் செத்த டார்ச் இருந்தது. வளையம் மட்டும் இல்லை.

அவள் பாத்ரூம் கதவைத் தள்ளினாள்.

வாளி நிறையத் தண்ணீர். அடியில் ஒரு டார்ச், சிவப்பாக எரிந்துகொண்டு.

அதன் கழுத்தில் கறுப்பு வளையம்.

"ஏலே, இது எப்படி இங்க வந்துச்சு?"

"ரெண்டும் பாக்க ஒண்ணுபோலதான் இருந்துச்சு அக்கா. தோப்புல பன்னி வருதுன்னு நானும் அதே மாதிரி மட்டமா ஒண்ணு வாங்கியிருந்தேன், மழை பட்டா அணைஞ்சிரும். அத்தான் குளிக்கப் போனப்போ பையில மாத்தி வச்சிட்டேன்."

"அவிய கேக்கலையா?"

"வளையம் எங்கயோ கழண்டு விழுந்துட்டுடான்னு போன்ல சொன்னாவ. நான் பேசாம இருந்துட்டேன்."

அந்தப் பையை இவன்தான் ரயிலடி வரை சுமந்து வந்தான். அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்கியவனும் இவன்தான்.

"பேட்டரிய உருவிட்டேன். அப்பவும் பொழுது சாஞ்சா எரியுது. தண்ணியில போட்டாலாவது சாகும்னு..."

அவள் டார்ச்சை எடுத்து மூடியைத் திருகினாள். உள்ளே பேட்டரி இல்லை. ஒரு சொட்டு ஈரமும் இல்லை.

வெளிச்சம் அசையவில்லை.

"சாகாது. அவிய பாத்து எடுத்தது."

அதைக் கூடத்துத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தாள். பின்னால் சரக்கென்று ஒரு சத்தம். திரும்பினாள். உருளாமல் கிடந்த இடத்திலேயே டார்ச் மெல்லத் திரும்பி, ரோஷன் முகத்தில் வந்து நின்றது.

"அக்கா, போயிராத!"

அவள் தெருவில் இறங்கினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே ஈர பூட்ஸ் நடக்கும் சத்தம் கேட்டது.

"அத்தான், நான் வேணும்னு..."

அதோடு குரல் நின்றது.

கரண்ட் வந்தது. தெரு முழுக்க விளக்கு எரிந்தது, அந்த ஒரு வீட்டைத் தவிர. அதன் ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் இரண்டு தரம் சிமிட்டியது.

ஜெனிலாவின் கை, அங்கே இல்லாத சுவிட்சை இரண்டு தரம் போட்டு அணைத்தது.