சேர்க்கலாமா என்று கேட்டவள்

கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று. 'இந்த லைப்ரரியை நம் புராஜெக்டில் சேர்க்கலாமா?' என்று சோதித்துப் பார்க்கும் கட்டளையைத்தான் கார்குழலி கொடுத்தாள். முடியும் அல்லது முடியாது என்று வந்திருக்க வேண்டும். திரையில் வந்ததோ: 'சேர்க்க இயலாது. இந்த லைப்ரரி ஏற்கெனவே உங்கள் புராஜெக்டைச் சேர்த்துக்கொண்டுவிட்டது.'

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான் என்று சிரித்துக்கொண்டாள். குரல் கேட்டுத் திறக்கும் கதவுப் பூட்டுக்கு அவள் எழுதும் நிரலை வெளியில் யாரும் பார்த்ததில்லை. குரலை அடையாளம் காணும் அந்த லைப்ரரியோ, எவரோ எழுதி இணையத்தில் போட்டுவைத்த நிரல் தொகுப்பு. அதற்கு எப்படி மூலக்குளத்தில் அவள் வீட்டு மடிக்கணினியில் இருக்கும் நிரல் தெரியும்?

அவள் கம்பெனியில் சோதனைக்கூடம் கிடையாது. ஆளுக்கொரு பூட்டை வீட்டுக் கதவில் மாட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். சாவித் துவாரமே இல்லாத அந்தப் பூட்டை, மகள் பொம்மி தூங்கும் அறைக் கதவில் மாட்டியிருந்தாள். மதிய மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டி, ஈரச் சுண்ணாம்பு வாடை வீடெல்லாம் பரவியிருந்த நேரத்தில், அத்தனை இரைச்சலையும் மீறி, பூட்டு தானாக விழும் சத்தம் கேட்டது.

உடன் வேலை செய்யும் இனியவனுக்குப் போன் போட்டாள்.

"செக் மட்டுந்தான பண்ணீங்க அக்கா? அதுல ஒண்ணும் சேராது."

"கதவு பூட்டிக்கிச்சு தம்பி. பாப்பா உள்ள இருக்கா."

"பேட்டரிய கழட்டிடுங்க."

"அது உள்பக்கம் இருக்கு."

போனை வைத்துவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பினாள்.

லைப்ரரியை அழித்தாள். மறுபடி சோதித்தாள். அதே பதில். உள்ளே பொம்மி விழித்து அழத் தொடங்கினாள். கார்குழலி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கதவருகே ஓடினாள்.

"தெற!"

திரையில்: 'தெரியாத குரல்.'

"நான்தான், தெற!"

'தெரியாத குரல்.'

தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. தரையில் குப்புறப் படுத்து இடுக்கு வழியே பார்த்தாள். அழுதபடி ஓடிவந்த இரண்டு சின்னப் பாதங்கள் கதவையொட்டி நின்றன.

"பொம்மி! அம்மா இங்க இருக்கேன்டி!"

அறைக்குள்ளிருந்து ஒரு பெண் பேசினாள். தூக்கக் கலக்கத்தில். கனிவாக.

"அழுவாதடி தங்கம். வெளிய யாரோ கத்தறாங்க. வா, அம்மாகிட்ட படுத்துக்க."

கார்குழலியின் குரல்.

அழுகை நின்றது. பாதங்கள் திரும்பின. கட்டிலை நோக்கி நடந்தன.