பின் சீட்டில் இடம்

“கீழே உக்காந்துகினு வரட்டுமா, மாமா?”

மூன்று வருஷத்துக்கு முன், சித்திரை மாதத்து உச்சிவேளையில், ஆறு வயதுப் பெண் ஒருத்தி கஜபதியிடம் கேட்ட கேள்வி இது. நந்தியாற்றுப் பாலத்தருகே, அம்மாவின் தோளில் துவண்டு கிடந்தபடி, கார்க் கதவின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கேட்டாள். கஜபதி அப்போது ஒரு மிட்டாதாரின், பெரிய நிலக்காரரின், டிரைவர். அவரை ரயிலடியிலிருந்து அழைத்துவர, அரக்கோணத்துக்குக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். தாய்க்காரி மணியம்மை கழனியில் கூலி வேலை செய்பவள். பிள்ளைக்கு இழுப்பு வந்து வந்து போகிறது, ஆஸ்பத்திரி வரைக்கும் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தையின் பாவாடை முழுக்க வாந்தி. கஜபதி பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வாரம்கூட ஆகாத புது ரெக்சின்.

“சீட்டு பாழாயிடும். வேற வண்டி வரும்,” என்றான்.

அப்போதுதான் குழந்தை அந்தக் கேள்வியைக் கேட்டது. அவன் கியரைப் போட்டான். சின்ன விரல்கள் நழுவும்வரை வண்டியை மெதுவாக நகர்த்தினான். பிறகு வேகமெடுத்தான்.

ஒரு கதவைத் திறந்து மூட எவ்வளவு நேரம் ஆகும்? வாழ்க்கையில் நம்மிடம் கேட்கப்படுகிற உதவிகளில் முக்கால்வாசி அவ்வளவு சின்னவைதான். வேறு வண்டி வரவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டது. மூன்று மாதத்தில் தாயும் போய்விட்டாள். கேள்விப்பட்டபோது கஜபதி “அடப்பாவமே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

இப்போது அதே வண்டி அவனுடையது. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் கேட்கத் தொடங்கியதும், மிட்டாதார் அந்தப் பழைய டூரிங் காரை வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். மழையும் எலியுமாகச் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தபின், “நீயே எடுத்துட்டுப் போடா” என்று கஜபதிக்குக் கொடுத்துவிட்டார். மாட்டைப் பூட்டி இழுத்துவந்து, திருத்தணி மலையடிவாரத்தில் தன் வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் நிறுத்தி, அவன் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டான். எஞ்சினைக் கழுவினான். துருவைத் தேய்த்தான். கிழிந்த கூரைக்குப் புதுக் கித்தான் தைத்தான். பின்புறத்தில், பஸ்களுக்கு வைக்கிற மாதிரி, கரிக்கேஸ் உருளை ஒன்றைப் பொருத்தினான். அடுப்புக்கரியைக் கொட்டி மூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதிவிட்டால், அந்தக் கரி வாயுவிலேயே எஞ்சின் ஓடும். பெட்ரோல் வேண்டாம்.

வாடகைக்கு ஓட்டலாம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக்குள் இருந்தது. அவன் மனைவி தாயாரம்மாளுக்கு எட்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வீட்டிலேயே பிறந்து, பிறந்த அன்றே கண்மூடிவிட்டன. “இந்தத் தடவை அரக்கோணத்து டாக்டரம்மாகிட்ட இட்டுகினு போயிடு. மாட்டு வண்டியில குலுக்கினு போனா வழியிலயே உசுரு போயிடும்,” என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். ஆகவே வண்டி ஓட வேண்டும். பின் சீட்டு மெத்தென்று இருக்க வேண்டும்.

அந்தச் சீட்டுக்குள் எலிப் புழுக்கையும் ஸ்பிரிங்கும்தான் மிச்சம். அடைக்கத் தேங்காய் நார் கிடைக்கவில்லை; எல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. தாயாரம்மாளின் தம்பி கோதண்டம் ஒரு வழி சொன்னான். மலையில் மொட்டை போடுகிறவர்களின் முடியைக் குத்தகைக்கு எடுத்தவரிடம், அதை உலர்த்தி மூட்டை கட்டுவது அவன் வேலை.

“சண்டையில கப்பல் போறதில்ல பாவா. மூணு வருஷத்து முடி மூட்டை மூட்டையா தூங்குது,” என்று இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். “அடைச்சு உக்காந்து பாரு. ஆயிரம் பேர் தலைமேல உக்காந்த மாதிரி இருக்கும்.”

“வாயைக் கழுவுடா,” என்றாள் தாயாரம்மாள். “சாமிக்குன்னு எறக்கின முடி. அதும் மேலயா உக்காருவாங்க?”

“சாமி இன்னா, தலை சீவி பூ வெச்சுக்கவா போவுது?”

கஜபதி சிரித்தான். கோணூசியில் சணலைக் கோத்து, முடியைத் திணித்துத் திணித்து, ரெக்சினை இழுத்து இறுக்கித் தைத்தான். கையால் அடித்துப் பார்த்தான். பிள்ளையின் கன்னம் மாதிரி அமுங்கி எழுந்தது.

மறுநாள் உச்சிவேளை. அக்கினி நட்சத்திரத்து வெயிலில் கொட்டகையின் தகரம் விரிந்து ‘டக், டக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. மலைமேல் உச்சிகால பூஜை மணி அடித்து ஓய்ந்திருந்தது. கரித்தூளும் கிரீசும் வியர்வையும் கலந்த வழக்கமான நாற்றத்தின் நடுவே, அதற்குச் சற்றும் சம்பந்தமில்லாமல், அப்போதுதான் மழித்த தலையில் அப்பிய ஈரச் சந்தனத்தின் வாசனை குளுகுளுவென்று வந்து அவன் மூக்கில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். பின் சீட்டில் ஒரு பள்ளம். யாரோ உட்கார்ந்திருப்பது போல.

அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல இன்னொரு பள்ளம். சின்னது.

“நீ வந்து உக்காந்தியா?” என்று உள்ளே பார்த்துக் கேட்டான்.

“நானா? அந்தச் சீட்டுலயா? வலி வந்தாதான் உக்காருவேன். அதுவும் வேற வழி இல்லாம,” என்றாள் தாயாரம்மாள்.

முடி சரியாகப் பரவவில்லை என்று நினைத்துக்கொண்டான். தட்டிச் சமன் செய்தான். மறுநாள் அதே நேரத்தில் அதே இரண்டு பள்ளங்கள். அதற்கு மறுநாள், அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தபோது, தலைக்கு நேர் மேலே ஸ்பிரிங் ஒன்று முனகியது. நெடுநேரம் உட்கார்ந்து கால் மரத்துப்போனவர்கள் மாறி உட்காருவது போல, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். சந்தன வாசனையோடு இப்போது வேறொன்றும் வந்தது. புளித்த வாசனை. அது என்னவென்று அவன் உடம்புக்குத் தெரிந்தது. மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

வெளியே வந்து பார்த்தான். தையலின் இடுக்கில் ஒற்றை மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அடைத்ததெல்லாம் ஒரு சாண் நீளத்துக்கு மேல் இல்லாத முடி. இதைப் பிடித்து இழுத்தான். வந்தது. முழ நீளம் வந்தது. ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, இன்னும் வந்தது. கையில் சுற்றிக்கொண்டு ஓங்கி இழுத்தான்.

மறுமுனையில் யாரோ இழுத்தார்கள்.

அன்று அவன் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கோதண்டம் வந்ததும் வராததுமாக, “அந்த மூட்டை எப்பத்திய முடிடா?” என்று கேட்டான்.

“விஷு வருஷத்து ஆடி. மூணு வருஷம் ஆச்சு. ஏன் பாவா, பேன் கடிக்குதா?” என்று சிரித்த கோதண்டம், சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “அந்த ஆடியை மட்டும் மறக்க முடியாது. புள்ளையைப் பறிகுடுத்த ஒரு பொம்பளை வந்தா. முடி எறக்கறவங்க எல்லாரும் அதைக் குடு இதைக் குடுன்னு கேப்பாங்க. இவ அழக்கூட இல்ல. ‘எம் புள்ளையை ஏத்தாத சீட்டுல நான் உக்காரணும் முருகா. அவன் அதே பாலத்துல கையெடுத்துக் கும்பிட்டுகினு நிக்கணும்’னா. கத்தி புடிச்சவன் கத்தியைக் கீழ வெச்சுட்டான்.”

“யாரை... யாரைச் சொன்னா?”

“யாரோ டிரைவராம். மூணாம் நாளு அவளும் போயிட்டா. இன்னா பாவா, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

சீட்டைக் கிழித்து எல்லாவற்றையும் மலைக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கஜபதி கத்தியை எடுத்தான். தையலில் முனையை வைத்தான். அந்த நொடியில் வீட்டுக்குள்ளிருந்து தாயாரம்மாள் அலறினாள்.

மாதம் நிறையவில்லை. பனிக்குடம் உடைந்துவிட்டது. கோதண்டம் மருத்துவச்சியைத் தேடி ஓடினான். அவள் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தாள். இரண்டு நாழிகை காத்திருந்து பார்த்தார்கள். துணி நனைய நனைய மாற்றினார்கள். வேறு போக்கிடம் இல்லை. மருத்துவச்சி வந்தால் பின்னாலேயே அனுப்பிவைக்கக் கோதண்டத்தை வீட்டில் நிறுத்திவிட்டு, கஜபதி கரியைக் கொட்டி மூட்டினான். சக்கரத்தைச் சுற்றினான். தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கேஸ் பிடித்துக்கொண்டதும் மனைவியைத் தூக்கிவந்து அந்தச் சீட்டில் படுக்கவைத்தான். மலையில் உச்சிகால மணி அடித்தது.

ஊர் எல்லை தாண்டும்போது பின்னாலிருந்து தாயாரம்மாளின் குரல், முனகலுக்கு நடுவே, மரியாதையாகக் கேட்டது.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா. கால் நீட்டிக்கறேன்.”

கஜபதி திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்டீயரிங்கில் கை வழுக்கியது. சந்தனம். புளித்த வாந்தி. ரத்தம். வெயில்.

பாலத்தின் நடுவில் எஞ்சின் நின்றது.

இறங்கி ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான். எதுவும் இல்லை. ஊதினான். கரி கனன்றுகொண்டுதான் இருந்தது. மறுபடி சுற்றினான். தாயாரம்மாளின் முனகல் சன்னமாகிக்கொண்டே வந்து நின்றுபோனது. எட்டிப் பார்த்தான். நினைவில்லை. உதடு வெளுத்திருந்தது. ஆற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ரோட்டில் ஒரு காக்கை இல்லை.

அப்போது திருத்தணிப் பக்கமிருந்து ஒரு வண்டி வந்தது.

நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். வண்டி நின்றது. பளபளக்கும் புதுப் பெயின்ட். காலியான பின் சீட்டில் புது ரெக்சின். “நைனா, நீ நல்லா இருப்பே! என் பொஞ்சாதி செத்துகினு இருக்கா. அரக்கோணம் வரைக்கும்...” என்று ஓடிப்போய்க் கதவைப் பிடித்தான்.

வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட டிரைவர் திரும்பினான்.

கஜபதி.

மூன்று வயது இளையவன். அதே மீசை. கன்னத்தில் அதே தழும்பு. அந்தக் கண்களில் இவனை அடையாளம் தெரிந்த குறியே இல்லை. ரத்தம் தோய்ந்த இவன் கைகளைப் பார்த்தான். தன் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தான்.

“சீட்டு பாழாயிடும். வேற வண்டி வரும்.”

வண்டி மெதுவாக நகர்ந்தது. கஜபதியின் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின. புழுதி. பிறகு புழுதியும் இல்லை.

அவன் தன் வண்டிக்கு வந்தான். பின் சீட்டைப் பார்த்தான். மனைவியின் தலைமாட்டில் பெரிய பள்ளம். அதன் மடியில் சின்னது. தார் ரோட்டில் மண்டியிட்டான். தோல் பொசுங்கியது.

“நான்தான்மா. நான்தான் ஏத்தல. உனக்கு ஒரு உசுரு நான் தரணும். என்னுதை எடுத்துக்கோ. இவளையும் வயித்துல இருக்கறதையும் வுட்டுடு. இவங்க உன்னை ஒண்ணும் பண்ணல.”

நெற்றியைத் தாரில் பதித்துக் கிடந்தான். பிறகு, யாரும் ஹேண்டிலைத் தொடாமல், எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அரக்கோணத்தில் அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, “பொண்ணு. ரெண்டு பேரும் பொழைச்சுட்டாங்க. உள்ள வந்து பாருங்க,” என்றாள்.

“வண்டியை ஓரங்கட்டிட்டு வரேம்மா,” என்றான் கஜபதி.

குழந்தையைப் பார்க்கவில்லை. பார்த்தால் திரும்பிவர மனசு வராது என்று அவனுக்குத் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் பட்ட கடன். யாருக்கும் தெரியாமலே தீர்க்கட்டும்.

தெருவில் ஆள் இல்லை. புளியமர நிழலில் வண்டி நின்றது. பின்கதவைத் திறந்தான். மிட்டாதாருக்குத் திறப்பதுபோலக் குனிந்து, கை கட்டி நின்றான்.

“வந்தாச்சும்மா. எறங்குங்க.”

அவர்கள் இறங்கவில்லை. ஸ்பிரிங் முனகியது. பெரிய பள்ளம் மெதுவாக அந்தக் கோடிக்கு நகர்ந்தது. சின்னதும் நகர்ந்தது. கதவோரத்தில் ரெக்சின் நிமிர்ந்து சமமானது.

அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கஜபதி மலை இருந்த திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டான். ஏறி உட்கார்ந்தான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஒரு சின்னத் தலை சில்லென்று அவன் மடியில் வந்து படுத்தது. தையல் இடுக்குகளிலிருந்து முடி வந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. மணிக்கட்டைச் சுற்றியது. முழங்கையை. தோளை. கழுத்தை. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

முன் சீட்டில் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள்.

வெள்ளைக் கோட்டு. தொப்பி. தொப்பிக்குக் கீழே தெரிந்த பிடரி அவனுடையது.

எஞ்சின் உறுமியது. வண்டி நகர்ந்தது. ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பச்சைக்குழந்தையின் அழுகை வந்தது. அதைக் கேட்டதும், ஒரே ஒரு தடவை, முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கஜபதிக்கு நெஞ்சு வெடித்தது. நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தான். வாய்க்குள் முடி இருந்தது.

முன்னால் இருந்தவன் பின் சீட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வேகமெடுத்தான்.