பெட்டிக்குள் கேட்டது

"என் வீட்டுக்காரர் போன வாரம் செத்துப் பிழைச்சு வந்தார். அதுக்கப்புறம் வாயே திறக்கலை," என்றாள் அந்தத் தையல்காரி.

துப்பறிவாளரை ஊரே 'நிதானம்' என்றுதான் கூப்பிடும். வீடு தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். கூடவே சுற்றும் மச்சான், அதாவது அவர் மனைவியின் தம்பி, நேர் எதிர்.

"எந்த ஆஸ்பத்திரியில?" என்று முந்திக்கொண்டான் மச்சான்.

"ஆஸ்பத்திரி இல்ல தம்பி. சகோதர சங்கம்."

அவள் சொல்லச் சொல்ல மச்சானின் முகம் சுளித்தது. போன மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர்களுடைய ஒரே மகளை, ரோடு வளைவில் ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு ஓடிவிட்டது. யார் என்று இன்றுவரை தெரியாது. துக்கத்தில் பாதியாகிப்போன கணவரிடம், 'பழைய ஆளாகச் செத்து, புது ஆளாகப் பிற. வாழ வழி தெரியும்' என்று சங்கத்தார் ஆசை காட்டியிருக்கிறார்கள். சவப்பெட்டியில் படுக்க வைத்து மூடுவார்களாம். மூடியில் ஒரு துளை. சகோதரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, தங்கள் மனதை அரிக்கும் ஓர் உண்மையை அதன் வழியாகக் கிசுகிசுக்க வேண்டும். கேட்டவன் செத்தவன், எழுந்தவன் வேறு ஆள் என்பது கணக்கு. அதனால் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று சத்தியம் வேறு.

"எழுந்து வந்ததிலிருந்து தினமும் அந்த வளைவுல போய் நிக்கிறார். சங்கத்து ஆளுங்க பார்க்க வந்து கை குடுத்துட்டுப் போனா, தோல் உரியற மாதிரி சோப்புப் போட்டுக் கழுவறார். சோறு இறங்கலை. பொண்ணைப் பறிகொடுத்துட்டேன் ஐயா. இவரையும் விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு."

"யார் கை குடுத்தாலும் கழுவறாரா?" என்று கேட்டார் நிதானம்.

"ஒருத்தர் விடாம."

மறுநாள் காலை மழை விட்டதும் இருவரும் சங்கத்துக்குப் போனார்கள். வாசலில் வரிசையாகக் கார்கள். உள்ளே பளபளக்கும் ஷூக்கள். அவற்றின் நடுவே சேறு அப்பிய செருப்பு ஒரு ஜோடி. கூடத்தின் மத்தியில் அந்தப் பெட்டி. தலை வைக்கும் இடத்துப் பட்டுத் துணியில் எத்தனையோ பேரின் எண்ணெய்ப் பிசுக்கு. சீச்சீ, இதில் படுத்தா மனுஷன் புதுசாகப் பிறப்பான்? மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

தலைவர் வெண்ணெயாகப் பேசினார். சுவரோரக் கண்ணாடி அலமாரியைப் பெருமையோடு காட்டினார். உள்ளே ஒரு மதுப்புட்டி, ஒரு சீட்டுக்கட்டு, ஒரு கார் சாவி.

"எழுந்தவர் தன்னைக் கெடுத்த பொருளை இங்கே விட்டுடணும். அதுதான் எங்க வழி."

"சாவி யாரோடது?"

"நம்ம பல் டாக்டரோடது. போன மழை முடியறதுக்குள்ள அவரை எழுப்பினோம். ஆடம்பரமே வேண்டாம்னு காரை விட்டுட்டார். இன்னிக்கும் நடந்துதான் வந்தார், பாருங்க."

பல் டாக்டர் அடக்கமாகச் சிரித்தார். சீட்டுக்கட்டை விட்டவர் பக்கத்தில் நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல விஷயம். காரை வித்துட்டீங்களா?" என்றார் நிதானம்.

"இல்லை. ஷெட்டுல கிடக்கு."

வெளியே வந்ததும் மச்சான் காதைக் கடித்தான். "அத்தான், அந்தச் சீட்டுக்கட்டு ஆள்தான். என்னமா வேர்க்குது அவனுக்கு!"

"உனக்கும்தான் வேர்க்குது. போய் போலீஸைக் கூட்டிட்டு வா."

சாயங்காலம் அதே கூடத்தில் சகோதரர்கள், தையல்காரி, அவள் கணவர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார்.

"இவர் தினமும் போய் நிக்கிறது மகள் செத்த இடத்துல," என்று ஆரம்பித்தார் நிதானம். "அப்போ பெட்டிக்குள்ள கேட்டது அவளைப் பத்தி. எல்லார் கை பட்டாலும் கழுவறார். அப்போ கொன்னவன் உங்கள்ல ஒருத்தன்னு தெரியும், எவன்னு தெரியாது. கிசுகிசுத்தா எல்லாக் குரலும் ஒண்ணுதான்."

நிதானம் கண்ணாடி அலமாரியைக் காட்டினார்.

"குடிச்சவர் புட்டியை வெச்சார். சூதாடினவர் சீட்டை வெச்சார். கெடுத்த பொருளைத்தானே வைக்கணும்? ஆடம்பரம் பிடிக்காதவர் காரை வித்துத் தலை முழுகுவார். இந்தப் பல் டாக்டர் வெளியே யாரும் பார்க்காம பூட்டி வெச்சார். ஆனா சாவியை மட்டும் இங்கே வெச்சார். பழைய ஆள்தான் செத்தாச்சே, இங்கே மறைக்க என்ன இருக்குன்னு நீங்க நம்ப வெச்சீங்க. எல்லாருமா அதைக் கும்பிடாத குறை."

பல் டாக்டரின் முகம் வெளுத்தது. "அது நான் இல்லை. அந்த ஆள் செத்துட்டான்."

"அப்போ அவன் ஷெட்டைப் போலீஸ் திறந்ததுல உங்களுக்கு வருத்தம் இருக்காது. முன்விளக்கு உடைஞ்சிருக்கு. வண்டிக்கு அடியில ஒரு புத்தகப் பையோட வார் சிக்கியிருக்கு."

தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் தலைவர் பக்கம் திரும்பினான். "உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றார் தலைவர், குரலில் வெண்ணெய் குறையாமல். "சொன்னவருக்குப் பாரம் இறங்கிச்சு. கேட்டவருக்கு மன்னிக்க ஒரு வாய்ப்பு."

தூ! நிதானமே அன்று நிதானம் இழந்தார். "உங்க சாக்கடையை ஊத்த, பெத்தவன் காதுதானா கிடைச்சுது?"

தலைவர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. கணவரிடம் குனிந்தார். "சகோதரா, சத்தியத்தை நினைச்சுக்கோ. அந்தப் பொண்ணோட அப்பா பெட்டியிலேயே செத்துட்டார். உனக்கு இதுல சம்பந்தமில்லை."

கணவர் மெல்ல எழுந்தார். உதடு வெடித்திருந்தது.

"நான் சாகலை. சும்மா படுத்துக்கிட்டு இருந்தேன். நான் அவ அப்பன்."

பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இறங்கிப் பார்த்தேன்னு சொன்னான்டி. அப்போ அவளுக்கு உசிர் இருந்துச்சாம். தண்ணி கேட்டாளாம். இதை உன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"