சிவக்காத விளக்கு

அந்தத் துறைமுகக் குடியிருப்பில் எவர் வீட்டு வாசல் விளக்காவது சிவந்துவிட்டால், கதவைத் தட்டி ஒரு வாய் கஞ்சி வாங்கிக் குடிக்காமல் யாரும் அவ்வழியே போக மாட்டார்கள். அமலி வேலை முடிந்து படியேறி வந்தபோது அவள் வீட்டு விளக்கு நீலமாகவே இருந்தது.

எதிர்வீட்டு வாசலில் அவள் ஓரகத்தி பிலோமி நின்றிருந்தாள்.

"ஏளா, சூசைக்கு இன்னும் காய்ச்சல் வரலையா?"

"இல்லக்கா." அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று அமலி உள்ளே போய்விட்டாள்.

புற்றுநோய் செல்கள் சியாலிக் அமிலத்தைப் போர்த்திக்கொண்டு உடம்புக்குள் நல்லபிள்ளை வேஷம் போடும். 'போர்வைநீக்கி' என்கிற ஊசிமருந்தில் இருக்கும் சியாலிடேஸ் நொதி, அவற்றின் மேலிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியிலிருந்து அந்த அமிலத்தைக் கத்தரித்துவிடும். வேஷம் கலைந்ததும் உடம்பு கள்ளனைக் கண்டுகொண்டு சண்டைக்குக் கிளம்பும். அந்தச் சண்டையின் சூடுதான் காய்ச்சல். நெஞ்சில் ஒட்டிய வெப்பப்பட்டை அதை உணர்ந்து வாசல் விளக்கைச் சிவக்க வைக்கும். ஊசி போட்டும் காய்ச்சல் வராவிட்டால் மருத்துவர்களிடம் வேறு வழி கிடையாது. பிலோமியின் புருஷனுக்கு, அதாவது அமலியின் புருஷன் சூசையின் அண்ணனுக்கு, விளக்கு கடைசிவரை சிவக்கவில்லை.

சூசை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ஊசி போட்டதிலிருந்து அமலி அவனைத் தொடவேயில்லை. குளிர்ந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம்தான்.

"ஏசியைக் கொஞ்சம் கொறயேன், குளுருது" என்றான்.

ஏசி ஓடவேயில்லை. அமலி ஒரே எட்டில் போய் அவன் நெற்றியில் கை வைத்தாள். அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி சுட்டது.

"பட்டை எங்க?"

அவளே தேடினாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது.

"ஒமக்குப் புத்தி கித்தி இருக்கா?"

"சிவக்கலேன்னா, பட்டை ஒடம்புல இல்ல, அதான் சிவக்கலேன்னு நெனச்சுக்கிடலாம்லா" என்றான் சூசை, பல் தந்தியடிக்க.

திட்டுவதற்கு வாயெடுத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பட்டையைப் பிடுங்கி அவன் நெஞ்சில் ஒட்டிவிட்டு, அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சூடு அத்தனை இதமாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. திறந்தால், சிவந்த வெளிச்சத்தில் பிலோமி. கையில் ஒரு கிண்ணம் இருந்தது, கண்ணெல்லாம் நீர்.

"இன்னும் கஞ்சி வைக்கலியேக்கா" என்றாள் அமலி.

"வை. நான் இருந்து குடிச்சிட்டுத்தான் போவேன்."