எக்ஸ்ரே குழாய் வரும்வரை

1938 ஜூலை 4, திங்கட்கிழமை. காலை மணி 9.10.

சேலம் டவுனில் ஒரு பாதிரிமார் ஆஸ்பத்திரி. ஆண்கள் வார்டின் ஆறாவது கட்டிலருகே ஹெட் கான்ஸ்டபிள் தீர்த்தகிரி வந்து நின்றார். கையில் ஒரு சிறு பொட்டலம். புருஷனுக்கு விஷம் வைத்ததாக நல்லம்மாள் மேல் புகார் வந்திருக்கிறது, அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகிறேன் என்றார்.

கட்டிலில் கிடந்தவன் அவள் புருஷன் அருணகிரி, ஜலகண்டாபுரத்து நெசவாளி. புகார் கொடுத்தவர் அவனுடைய அண்ணன் மருதாசலம். கான்ஸ்டபிளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் நின்றார். காலடியில் உட்கார்ந்திருந்த நல்லம்மாள் எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அழக்கூட அவளிடம் தெம்பு இல்லை.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் நர்ஸ் செல்வமேரி. பதினெட்டு வருஷ சர்வீஸ். பெரிய டாக்டரே அவளிடம் யோசித்துத்தான் பேசுவார்.

விஷயம் இதுதான். வைகாசியில் அருணகிரிக்கு வயிற்றைத் திருகும் வலி வந்தது. மலம் கட்டிக்கொண்டது, முகம் வெளிறிப் போனது. எக்ஸ்ரே படம் எடுத்தால்தான் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மெஷினின் குழாய் எரிந்து போயிருந்தது. புதுக் குழாய் மதராஸிலிருந்து அடுத்த வாரம் வரும் என்றார்கள். அந்த அடுத்த வாரம் ஆறு வாரமாக வந்துகொண்டே இருந்தது. அதற்குள் புருஷனும் பெண்டாட்டியும் யோசனை கேட்காத ஆளில்லை. டாக்டர் சோடா மிக்ஸ்சர் கொடுத்தார். வாழப்பாடி வைத்தியர் சூரணம் கொடுத்தார். அயோத்தியாப்பட்டணத்தில் ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டினார். வலி யார் பேச்சையும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாலைந்து நாளில் வலி அடங்கும். வீடு திரும்பிய சில நாளில் மறுபடி பிடிக்கும். இப்போது மூன்றாம் முறையாகப் படுத்து ஆறாம் நாள்.

"ஊட்டுக்குப் போனா வலி, இங்க வந்தா சுகம். அப்ப ஊட்டுல இருக்கறவதானுங்களே காரணம்?" என்றார் மருதாசலம்.

9.25. விஷம் என்று கான்ஸ்டபிள் கொண்டுவந்த பொட்டலத்தைச் செல்வமேரி பிரித்து முகர்ந்தாள். சுக்கும் ஓமமும்தான் மணத்தன. வாழப்பாடிச் சூரணம். ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கான்ஸ்டபிள் ஒரு அடி பின்வாங்கினார்.

"இங்க உங்க தம்பி யார் ஆக்கினதைச் சாப்பிடறார்?" என்று கேட்டாள்.

மருதாசலம் தயங்கினார். "இவ ஆக்கறதத்தானுங்க. வெளியில வேப்பமரத்தடியில அடுப்பு கூட்டியிருக்கறா."

"அதே கை, அதே சட்டி. விஷத்தை மட்டும் ஊரிலேயே வெச்சுட்டு வந்தாளா?"

கான்ஸ்டபிள் மீசையைத் தடவினார். அப்படியானால் வீட்டில் செய்து, இங்கே செய்யாதது என்ன?

அப்போது அருணகிரி கண்ணை மூடியபடியே வலக்கையை வாயருகே கொண்டுபோய் 'உஸ்' என்று உறிஞ்சினான். மூன்று முறையும் தூக்கத்தில் அவன் இப்படிச் செய்வதைச் செல்வமேரி பார்த்திருக்கிறாள். தண்ணீர் கேட்கிறான் என்று டம்ளரை நீட்டுவாள். அவன் குடித்ததே இல்லை. அது ஏன் என்று ஒருநாளும் யோசிக்காமல் போனோமே என்று தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"இது என்னம்மா?"

"தறி ஓட்டறாருங்க, கனவுல" என்றாள் நல்லம்மாள். நூல் சுற்றிய தாரை மாற்றும்போதெல்லாம் நூல் முனையை, தறியில் குறுக்கே ஓடும் நாடாவின் ஓட்டை வழியாக வாயால் உறிஞ்சித்தான் வெளியே இழுப்பார்கள், ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் இருக்கும் என்று விளக்கினாள்.

"இப்ப என்ன நிறம் தறியில?"

மஞ்சள் என்றாள். ஆடியில் மாரியம்மனுக்கு மஞ்சள் சேலைதான் கேட்பார்கள். இந்த வருஷம் புதுச்சாய நூல், நிறம் பளிச்சென்று இருந்தது. அவர்கள் தறிக்குத்தான் முதலில் வந்தது, சித்திரைக் கடைசியில். தெருவின் மற்ற தறிகளுக்குப் போன வாரம்தான் ஏறியது.

9.50. செல்வமேரி அருணகிரியின் உதட்டை விலக்கினாள். முன்பு இரண்டு முறையும் வெற்றிலைக் கறையில் எதுவும் தெரியவில்லை. இந்த முறை படம் எடுக்க வேண்டுமென்று டாக்டர் வெற்றிலையை நிறுத்தியிருந்தார். ஈறும் பல்லும் சேரும் இடத்தில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருநீலக் கோடு. அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோக்கும் ஒருவர் வாயில் வெகு நாளைக்கு முன் அவள் பார்த்த அதே கோடு. டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் பார்த்தார், தலையசைத்தார்.

"குற்றவாளி இந்தம்மா இல்லை, அந்த மஞ்சள் நூல். சாயத்தில ஈயம் இருக்கு. தறியில உட்கார்ந்தா உள்ளே போகுது, இங்க படுத்தா போறதில்லை. அதனாலதான் இங்க சுகம்" என்றாள் செல்வமேரி.

மருதாசலம் நெய்யுமுன் நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டிப் பாவு ஓட்டுகிறவர். நாடாவை அவர் வாயருகே கொண்டு போனதில்லை. "எல்லாருந்தான் உறிஞ்சறாங்க. இவ தப்பிக்கறதுக்கு இது ஒரு கதைங்க" என்றார்.

செல்வமேரி திரும்பி நல்லம்மாளைப் பார்த்தாள். வெளிறிய முகம். பேசும்போதெல்லாம் வயிற்றில் அழுந்தும் கை. புருஷன் எழுந்தால்தான் வெற்றிலை என்று அவள் வைகாசியிலேயே விட்டிருந்தாள்.

"வாயைத் திறம்மா."

அங்கும் அதே கோடு.

கான்ஸ்டபிள் பொட்டலத்தைக் கட்டில்மேல் வைத்தார்.

"உனக்கும் வலிக்குதா?"

"வலிக்குதுங்க. சொன்னா நடிக்கறான்னு சொல்லுவாங்கன்னுதான் சொல்லலீங்க." புருஷன் வீட்டில் படுத்த நாளெல்லாம் தறியில் உட்கார்ந்தது அவள்தான்.

அருணகிரி எப்போது விழித்தானோ தெரியவில்லை. மெல்லக் கேட்டான்: "எத்தன சேலை முடிச்சே?"

"நாலுங்க."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "நாந்தானுங்க நர்சம்மா சொல்லிக் குடுத்தேன். பாயில படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தேன். கையில கோக்காத, வாயில இழு, சீக்கிரம் முடியும்னு."

பிறகு அவன் அழுதது வலியால் அல்ல. நல்லம்மாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

10.20. இதற்கு மருந்து என்ன என்று மருதாசலம் கேட்டார். மஞ்சளைத் தொடாமல் இருப்பதுதான் என்றார் டாக்டர். தெருவில் நாற்பது தறியிலும் மஞ்சள்தான் ஓடுகிறது, ஆடிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான், நான் போய்ச் சொன்னால் எவன் கேட்பான் என்றார் மருதாசலம். டாக்டர், எக்ஸ்ரே குழாய் அடுத்த வாரம் வந்துவிடும் என்று மட்டும் பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

மருதாசலம் நல்லம்மாளின் முகத்தைப் பார்க்காமல், ஜலகண்டாபுரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கான்ஸ்டபிளிடம் கேட்டார். பதினொன்றுக்கு என்றார் தீர்த்தகிரி. செல்வமேரி பெண்கள் வார்டில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.