நார்மல் என்றது ரிப்போர்ட்!

"அய்யோ... கொல்லுறானே!"

பாறசாலையில் அந்த ஸ்கேன் சென்டருக்குள்ளிருந்து அலறல்!

காலை பத்து மணி. காத்திருந்த பெண்கள் செருப்பைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினார்கள்.

உள்ளே அஜேஷ். குன்னத்துகாலில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கிறவன். அவன் கையிலிருந்த மரம் சீவும் கத்தியின் முனை... டாக்டர் பிரதீஷின் கழுத்தில்!

"எட்டு மாசம் முந்தி எனக்க பொண்டாட்டி சிஜிக்கு மாருல கட்டி. நீ ஸ்கேன் பண்ணி நார்மல்னு எழுதினே. இப்ப திருவனந்தபுரத்துல கேன்சர் மூணாம் ஸ்டேஜுண்ணு சொல்லுகாவ! அந்த எட்டு மாசத்த திருப்பித் தருவியாலே?"

பிரதீஷ் இரு கைகளையும் உயர்த்தினார். "அல்ட்ராசவுண்டுல சிலது தெரியாது அஜேஷ்... அது மெஷினுக்க குறை..."

"கழுத்துலேருந்து கத்திய எடு மக்கா."

கதவருகில் சுடிதார் அணிந்த ஒரு பெண்.

"நான் எஸ்.ஐ. தன்யா. அவரு சொல்லுகது நெசமாக்கும். நல்ல டாக்டர் பாத்தாலும் ஸ்கேன் சில கட்டிய விட்டிரும். அதுக்குத்தான் மேமோகிராம், பயாப்சி எல்லாம் உண்டு."

அஜேஷின் கண்கள் சிவந்தன. "அப்ப... இவன விட்டுரவா மேடம்?"

"நீ குத்தினா ஜெயிலு. நாளைக்கு சிஜிய கீமோவுக்கு யாரு கூட்டிட்டுப் போவா?"

கத்தி அவன் கையிலிருந்து நழுவியது. தரையில் விழுந்தது. அஜேஷ் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதான்.

பிரதீஷின் குரலில் உடனே மிடுக்கு! "தேங்க்ஸ் மேடம். இவன அரெஸ்ட் பண்ணுங்க!"

"கத்தி எடுத்ததுக்கு அவன் மேலயும் கேஸ் உண்டு. முதல்ல இது..." தன்யா கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "முந்தாநாள் நான் இங்க வந்தேன். வலது பக்கம் வலிண்ணேன். அந்தப் பக்கம் மட்டும் ரெண்டு நிமிஷம் பாத்தீரு. நீரு தந்த ரிப்போர்ட்டாக்கும். வாசியும்."

"வலது மார்பகம் நார்மல்... இடது மார்பகம் நார்மல்..."

"எனக்க இடது மாரு மூணு வருஷம் முந்தி கேன்சர் ஆபரேஷன்ல எடுத்தாச்சு!"

பிரதீஷ் காகிதத்தை அவசரமாக மடித்தார்.

"மெடிக்கல் கவுன்சில்லயும் கேட்டாச்சு. உமக்க பேருல டாக்டரே இல்ல. உம்மப் பிடிக்கத்தான் இண்ணைக்கு வந்தேன்."

தன்யாவோடு வந்து வாசலில் நின்ற போலீஸ்காரர் விலங்கோடு உள்ளே வந்தார்.

தன்யா குனிந்து அஜேஷின் தோளைத் தொட்டாள். "சிஜிட்ட சொல்லு மக்கா... நானும் அந்தக் கீமோ எல்லாம் தாண்டி வந்தவதான்."

"மேடம்... மெஷினு..." என்று பிரதீஷ் முனகினான்.

தன்யா திரும்பினாள்.

"இருக்கிற கட்டி தெரியலேண்ணா மெஷினக் குறை சொல்லலாம்... இல்லாத மாரு உனக்கு எப்படிலே தெரிஞ்சது?"